துணிவும் தீர்ப்பும்: ஒரு சொல்லாராய்ச்சி

தமிழகத்தின் 'குட்டி சூரத்' என்று வணிகர்கள் அழைக்கும் பர்கூரின் ஜவுளிக்கடை வீதியில் அரை நாள் நிற்பவர் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒன்று 'துணி'; மற்றொன்று 'பைசல்'. முன்னது கடையில் விற்கும் பொருளின் பெயர். பின்னது மொத்தக் கணக்கைத் தீர்த்து முடிக்கும்போது வணிகர் வாயில் வரும் சொல். "அந்தப் பாக்கியைப் பைசல் செய்தாயிற்று" என்று ஒருவர் சொன்னால், அதற்குமேல் அந்தக் கணக்கைப் பற்றிப் பேச இருவருக்கும் எதுவும் இல்லை என்பது பொருள்.

இவ்விரு சொற்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டின் அடியிலும் 'வெட்டுதல்', 'பிரித்தல்' என்னும் கருத்து இருக்கிறது. அந்தக் கருத்திலிருந்தே இரண்டும் 'முடிவு செய்தல்' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தன. துணிதல் என்றால் அறுபடுதல். துணித்தல் என்றால் வெட்டுதல். பாவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது துணி. ஐயத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட உள்ளத்தின் நிலை துணிவு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருள்களையும் தருகிறது. 'பைசல்' என்பது அரபு மொழியின் 'ஃபைஸல்'. 'ஃபஸ்ல்', அதாவது பிரித்தல் என்ற வேரிலிருந்து பிறந்த இச்சொல், உண்மையையும் பொய்யையும் பிரித்துக் காட்டும் தீர்ப்பையும் அத்தீர்ப்பை வழங்குபவரையும் குறிக்கும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) இஸ்லாத்துக்கும் இறைமறுப்புக்கும் இடையிலான எல்லையைப் பற்றி எழுதிய நூலின் பெயரை 'ஃபைஸல்' என்ற சொல்லைக் கொண்டே தொடங்கினார். 'டிசிஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் வினைக்கும் வெட்டி விலக்குதல் என்பதே பொருள். ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று மொழிகள் முடிவு செய்தலை வெட்டுதலாகவே கண்டிருக்கின்றன. பல வழிகள் முன்னே இருக்க, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டி விடுவதே முடிவு என்பதை மனிதர்கள் எங்கும் உணர்ந்திருக்கின்றனர்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் இச்சொற்களின் அழகு மட்டுமன்று. முடிவு, துணிவு, தீர்மானம், தீர்ப்பு என்று தமிழில் நாம் புழங்கும் சொற்களையும், ஹுக்ம், கழா, ஃபத்வா, தஹ்கீம் என்று நம் மார்க்க நூல்கள் வகுத்துத் தந்த சொற்களையும் நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டிருக்கிறோம். அக்குழப்பத்தால் மனிதர்களின் உரிமைகள் பறிபோகின்றன. அதில் நமக்கும் பங்குண்டு என்பதால் இதை எழுத நேர்ந்தது.

எல்லைப்புறத்தின் சொற்கள்

பர்கூர் மூன்று மாநிலங்களின் எல்லையை ஒட்டிய பகுதி. இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசப்படுகின்றன. ஆனால் முடிவு செய்தலைக் குறிக்கும் சொற்களில் இம்மொழிகள் வியக்கத்தக்க அளவு ஒன்றுபடுகின்றன. தமிழில் தீர்ப்பு, தெலுங்கிலும் கன்னடத்திலும் 'தீர்ப்பு'. தமிழில் தீர்மானம், தெலுங்கில் 'தீர்மானம்', கன்னடத்தில் 'தீர்மான'. உருதுவில் 'ஃபைஸலா', அதன் உறவுச் சொல்லான பைசல் தமிழிலும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. இப்பகுதியில் நான்கு மொழியினர் கூடி ஒரு பஞ்சாயத்துப் பேசினாலும், 'முடிந்தது' என்பதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் நாடு ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி அது ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நில வருவாயை ஒழுங்கு செய்தது இந்த மண்ணில்தான். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியிலும் மைசூர் சுல்தான் ஆட்சியிலும் வழங்கிய அரபு, பாரசீகச் சொற்கள் வருவாய்த் துறையிலும் நீதிமன்றத்திலும் நிலைத்தன. தாலுகா, ஜில்லா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், ஜாமீன், ஜப்தி, ரத்து ஆகியவை இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. நீதி வழங்குபவர் என்று பொருள்படும் 'முன்ஸிஃப்' என்ற அரபுச் சொல்லே முன்சீப்பாயிற்று. உரிமை கோரலைக் குறிக்கும் 'தஃவா' தாவாவாயிற்று. இருதரப்பும் இசைந்து எழுதிய சமரசப் பத்திரம் 'ராஜிநாமா' எனப்பட்டது. இன்று அது பதவி விலகல் என்ற பொருளில் மட்டும் வாழ்கிறது. பொருந்துதலைக் குறித்த சொல் விலகுதலைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. சொற்கள் இவ்வாறு பொருள் மாறுவது இயல்பு. ஆனால் ஒரு சொல் பொருள் மாறும்போது அதை நம்பியிருந்த மனிதரின் நிலையும் மாறுமானால் நாம் வாளா இருத்தல் தகாது.

தமிழ்ச் சொற்களின் வேறுபாடு

'தீர்' என்ற அடி தமிழில் பரந்த பொருள் உடையது. நோய் தீர்கிறது, கடன் தீர்கிறது, பசி தீர்கிறது, ஐயம் தீர்கிறது. இவை அனைத்திலும் முன்பிருந்த ஒன்று இல்லாமற் போகிறது. இதிலிருந்து தீர்வு, தீர்வை, தீர்மானம், தீர்ப்பு என்ற சொற்கள் கிளைத்தன. தீர்வு என்பது சிக்கல் அவிழ்தல். தீர்வை என்பது செலுத்தித் தீர்க்க வேண்டிய வரி. தீர்மானம் என்பது ஒரு சபையோ தனி மனிதரோ தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வது. தீர்ப்பு என்பது வழக்காடும் இருவருக்கு நடுவே, அதற்குரிய அதிகாரம் பெற்ற மூன்றாமவர் சொல்லி இருவரையும் கட்டுப்படுத்துவது.

இவ்வேறுபாடு நுட்பமானது, ஆனால் உறுதியானது. நாம் தீர்மானம் செய்தால் கட்டுப்படுபவர் நாம். நாம் தீர்ப்புச் செய்தால் கட்டுப்படுபவர் பிறர். ஆகவே தீர்மானத்துக்குத் தேவையானது உள்ளத்தின் உறுதி. தீர்ப்புக்குத் தேவையானவை அதிகாரம், இருதரப்பையும் கேட்டல், சான்றுகளை ஆராய்தல் ஆகிய மூன்றும்.

'முடிவு' என்ற சொல்லோ இறுதி, எல்லை என்ற பொருளையும் உடன் சுமக்கிறது. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளில் ஆலோசனையின் எல்லை துணிவு பெறுவதே என்கிறார். பெற்ற துணிவைச் செயலாக்காமல் தாழ்த்துவது தீது என்றும் எச்சரிக்கிறார். ஆலோசனை, துணிவு, செயல் என்னும் இவ்வரிசை திருக்குர்ஆனை ஓதியவர்களுக்குப் புதிதன்று. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், உஹதுப் போரின் துயரத்துக்குப் பின்னரும், தோழர்களுடன் கலந்தாலோசிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பணிக்கிறது. 'அஸ்ம்' என்னும் உறுதி பிறந்த பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறும் அது கூறுகிறது. அஸ்ம் என்பதற்குத் துணிவு என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

அரபுச் சொற்களின் எல்லைகள்

அரபு மொழியில் இத்துறைச் சொற்கள் இன்னும் தெளிவாகப் பகுக்கப்பட்டுள்ளன. 'ஹுக்ம்' என்பதன் வேர்ப்பொருள் தடுத்தல். குதிரையின் வாயில் பூட்டிக் கட்டுப்படுத்தும் உறுப்புக்கு 'ஹகமத்' என்று பெயர். வரம்பு மீறும் மனிதனைத் தடுப்பது ஹுக்ம். அறியாமையிலிருந்து தடுப்பது ஹிக்மத். 'கழா' என்பதன் வேர்ப்பொருள் முடித்தல், நிறைவேற்றுதல். தவறிய தொழுகையை நிறைவேற்றுவதை நாம் 'கழாச் செய்தல்' என்கிறோம். கடனை அடைப்பதும் கழாவே. வழக்கை முடித்துவைப்பதும் கழாவே. அதைச் செய்பவர் காழி. தமிழின் 'தீர்' என்ற அடி கடன் தீர்த்தலுக்கும் வழக்குத் தீர்த்தலுக்கும் பொதுவாக நிற்பதை இங்கே ஒப்பிட்டுக் காணலாம்.

'ஃபத்வா' இவற்றிலிருந்து வேறுபட்டது. இமாம் ராகிப் இஸ்ஃபஹானீ (ரஹ்) தம் திருக்குர்ஆன் சொல்லகராதியில் அதற்குத் தரும் விளக்கம், சட்டங்களில் சிக்கலாகத் தோன்றுவதற்கு அளிக்கப்படும் விடை என்பதாகும். ஃபத்வா ஒரு விடை. கேள்வி இருந்தால்தான் விடை உண்டு. கேள்வியின் அளவே விடையின் அளவு.

திருக்குர்ஆன் இவ்விரண்டையும் அருகருகே வைத்து வேறுபடுத்தும் இடங்கள் இரண்டு. முதலாவது, நம்ல் அத்தியாயத்தின் 32ஆம் வசனம். ஸுலைமான் (அலை) அவர்களின் மடல் கிடைத்ததும் ஸபா நாட்டு அரசி தம் அவையோரிடம் 'ஃபத்வா' கேட்கிறார். அவர்கள் முன்னிலையில் இல்லாமல் எந்தக் காரியத்தையும் தாம் முடிவு செய்வதில்லை என்று கூறும்போது, 'வெட்டுதல்' என்னும் பொருளுடைய 'கத்உ' என்ற வேரிலிருந்து பிறந்த சொல்லைப் பயன்படுத்துகிறார். அவையோர் தங்கள் வலிமையை எடுத்துரைத்துவிட்டு, ஆணை உங்களுடையது என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். கருத்துரைப்பது அவர்கள் கடமை. வெட்டி முடிப்பது அரசியின் பொறுப்பு. நாம் தொடக்கத்தில் கண்ட துணிவின் வேர்ப்பொருள் இங்கே அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, யூஸுஃப் அத்தியாயத்தின் 41ஆம் வசனம். சிறைத் தோழர்கள் இருவரும் கனவுக்கு விளக்கம் கேட்டனர்; கேட்டதைக் குறிக்க ஃபத்வாவின் வேர்ச்சொல்லே வருகிறது. அந்தக் காரியம் முடிக்கப்பட்டுவிட்டது என்று யூஸுஃப் (அலை) அறிவிக்கும்போது கழாவின் வேர்ச்சொல் வருகிறது. முடித்தவன் அல்லாஹ், விளக்கியவர் யூஸுஃப் (அலை). நபி ஒருவரே தம் விளக்கத்தையும் இறைவனின் முடிவையும் இரு சொற்களால் பிரித்துப் பேசுகிறார் என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இந்த வேறுபாட்டுக்கென்றே மாலிக்கீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 684, கி.பி. 1285) 'அல்இஹ்காம்' என்ற தனி நூலை இயற்றினார். ஃபத்வாக்களையும் தீர்ப்புகளையும், காழியின் செயல்களையும் ஆட்சியாளரின் செயல்களையும் வேறுபடுத்திக் காட்டுவதே அந்நூலின் நோக்கம். முஃப்தியை அவர் மொழிபெயர்ப்பாளருக்கு ஒப்பிடுகிறார்; காழியைப் பிரதிநிதிக்கு ஒப்பிடுகிறார். மொழிபெயர்ப்பாளர் கேட்டதைச் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமை இல்லை. பிரதிநிதிக்கோ காரியத்தை நடத்தி முடிக்கும் அதிகாரம் உண்டு. நான்கு மொழிகள் புழங்கும் ஊரில் வாழும் நமக்கு இந்த உவமையின் அருமை எளிதில் விளங்கும். இருவர் பேரத்துக்கு நடுவே நின்று மொழிபெயர்த்தவர் பேரத்தையே தாம் முடித்துவைத்ததாகக் கூறினால் கடைவீதி அவரை ஏற்குமா?

நபிமொழிகளில் இவ்வேறுபாடு

இது பிற்கால அறிஞர்களின் கற்பனை அன்று. விடுதலை பெற்ற அடிமைப் பெண் பரீரா (ரலி) தம் கணவர் முகீஸை விட்டுப் பிரியும் உரிமையைப் பயன்படுத்தினார். முகீஸ் மதீனத்துத் தெருக்களில் கண்ணீர் வடிய அவர் பின்னே நடந்தார். நபிகள் நாயகம் (ஸல்) இரக்கம் கொண்டு பரீராவிடம் பேசினார்கள். பரீரா கேட்ட முதற்கேள்வி, இது கட்டளையா என்பதுதான். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். புகாரியில் பதிவான இந்நிகழ்ச்சியில் பரீராவை யாரும் கண்டிக்கவில்லை. பத்ரில் பாசறை அமைத்தபோது ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்களும், இந்த இடம் வஹீயின்படி அமைந்ததா, கருத்தின்படி அமைந்ததா என்று கேட்டுத் தெளிந்த பின்னரே தம் யோசனையைக் கூறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. முன்னே வைக்கப்பட்ட சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டறிவது அவமதிப்பு அன்று. அது கேட்பவரின் உரிமை.

அபூஸுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரலி), தம் கணவர் போதிய செலவுத்தொகை தருவதில்லை என்று முறையிட்டார். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை முறையாக எடுத்துக்கொள் என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்தார்கள். இது ஃபத்வாவா, தீர்ப்பா? தீர்ப்பு என்றால் எதிர்த்தரப்பு இல்லாத இடத்திலும் தீர்ப்பு வழங்கலாம் என்றாகும். ஃபத்வா என்றால் அவ்வாறு ஆகாது. இமாம் நவவீ (ரஹ்) உள்ளிட்டோர் இதை ஆராய்ந்து, ஃபத்வா என்பதே சரியானது என்றனர். ஒரே வாக்கியத்தை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சட்டமே மாறுவதை நம் முன்னோர் எவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கின்றனர்!

தீர்ப்பு வழங்குவோருக்கான எச்சரிக்கையோ இன்னும் கடுமையானது. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, முதலாமவர் கூறியதைக் கேட்டது போலவே மற்றவர் கூறுவதையும் கேட்காமல் தீர்ப்புச் செய்யலாகாது என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். மற்றொரு நபிமொழியில் தம்மையே முன்வைத்து எச்சரித்தார்கள்: தாமும் மனிதரே, ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை உடையவராக இருக்கலாம், அதைக் கேட்டுச் சகோதரனின் உரிமையை அவருக்குத் தீர்ப்பளித்துவிட்டால், தாம் வெட்டிக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டே என்பது அதன் கருத்து. உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் இந்நபிமொழியிலும் 'கத்உ' என்ற வேரே வந்துள்ளது. வெட்டுகின்ற கை சரியான இடத்தில் வெட்டாவிட்டால், வெட்டப்படுவது துணி அன்று, நெருப்பு.

நம் பிழை

இப்போது நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் ஒரு வினாவை எழுதி அனுப்பினர். தந்தை உயிரோடு இருக்கும்போதே தம் கடையை மகன்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து ஒப்படைத்துவிட்டால், அவர் இறந்தபின் அதில் மகளுக்குப் பங்குண்டா என்பது வினா. ஹனஃபீ நூல்களின்படி விடை எளிது. ஹிபா என்னும் அன்பளிப்பு, பெறுபவர் அதைத் தம் கைவசம் கொள்வதால்தான் நிறைவுபெறும். அவ்வாறு நிறைவுபெற்றிருந்தால் அக்கடை தந்தையின் விட்டுச்சென்ற சொத்தில் சேராது. பிள்ளைகளிடையே பாகுபாடு காட்டுவது வெறுக்கத்தக்கது என்பதையும் சேர்த்து நாம் விடை எழுதினோம். தாளின் தலைப்பில், வழக்கம்போல், 'மார்க்கத் தீர்ப்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர்களின் சகோதரி தம் மகனுடன் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அத்தா மௌத்தாகும் நாள் வரைக்கும் கல்லாவில் உட்கார்ந்தவர் அவர்தான். சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயேதான் இருந்தது. கடையை எப்போது ஒப்படைத்தார்?" என்று கேட்டார். நமக்கு விடை இல்லை. நாம் எழுதியது 'ஒப்படைத்துவிட்டால்' என்ற நிபந்தனையின் மேல் நின்ற விடை. ஒப்படைத்தாரா இல்லையா என்பதே அவர்களுக்கிடையே இருந்த வழக்கு. அதை நாம் அறியோம், கேட்கவும் இல்லை. ஆனால் தாளின் தலைப்பில் இருந்த ஒரு சொல், உள்ளே இருந்த 'ஆல்' விகுதியை விழுங்கிவிட்டது. அல்லாஹ்வின் தீர்ப்பு வந்துவிட்டது என்று சொல்லி அப்பெண்மணியின் முன் அத்தாளை வைத்திருக்கின்றனர். அவரும் அல்லாஹ்வுக்கு அஞ்சி விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டார்.

நாம் உடனே இரண்டாவது தாள் ஒன்றை எழுதி இருதரப்புக்கும் அனுப்பினோம். முன்னது தீர்ப்பு அன்று, வினாவுக்குரிய விளக்கம் மட்டுமே என்றும், ஒப்படைப்பு நிகழ்ந்ததா என்பது இருதரப்பையும் சாட்சிகளையும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய செய்தி என்றும் அதில் தெளிவுபடுத்தினோம். பின்னர் நடந்தது அவர்கள் குடும்பத்தின் அந்தரங்கம். இங்கே உரைப்பது முறையன்று. பதிவு செய்யப்பட்ட ஒரு பத்திரத்தை நம் இரண்டாவது தாள் ரத்துச் செய்துவிடாது என்பதை மட்டும் கூறி நிறுத்துகிறோம்.

சட்டமும் மார்க்கமும்

நம் நாட்டின் சட்ட நிலையையும் இங்கே சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம், அதன்படி நியமிக்கப்படும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ எதையும் அளிக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 2014 ஜூலையில் விஸ்வலோசன் மதன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஃபத்வாவுக்குச் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை என்று அறிவித்தது. ஃபத்வா வழங்குவதை அது தடை செய்யவில்லை. ஆனால் ஒரு தனி மனிதரைப் பற்றிய பிரச்சினையில், அவரோ நேரடித் தொடர்புடையவரோ கேட்காதபோது கருத்துரைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. தலாக் தொடர்பாகக் காஜிகள் வழங்கும் சான்றிதழ்கள் கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2017 ஜனவரியில் கூறியது.

இவற்றைக் கேட்டு நம்மவர் பலர் வருந்தினர். நம் மார்க்கத்தில் தலையீடு என்றும் பேசினர். அவர்களின் அச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. நீதிமன்றங்களின் நோக்கும் இமாம் கராஃபீயின் நோக்கும் ஒன்றே என்றும் நாம் கூறவில்லை. ஆயினும், ஃபத்வா தீர்ப்பு அன்று என்ற ஒரு செய்தியை நாம் பிறர் வாயால் கேட்டறிய நேர்ந்ததே, அதுதான் வெட்கம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் தனி நூலாக எழுதி வைத்திருந்த பாடம் அது. நாம் அதை ஓதிக்கொடுத்துக்கொண்டே, நம் தாள்களின் தலைப்பில் அதற்கு மாறாக எழுதிக்கொண்டிருந்தோம்.

ஜமாஅத் பெரியவர்கள் அமர்ந்து பேசி முடிப்பதற்கு என்ன பெயர்? அதற்கும் நம் நூல்களில் இடம் உண்டு. அது 'தஹ்கீம்'. வழக்காடும் இருவரும் தாமாக இசைந்து ஒருவரை நடுவராக ஏற்பதே தஹ்கீம். கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் பணிக்கிறது. இருதரப்பின் இசைவுதான் நடுவரின் அதிகாரம். ஒருவர் இசையாதபோதோ, அவரை அழைக்காமலே அமரும்போதோ எழுதப்படுவது தஹ்கீமும் அன்று, கழாவும் அன்று. 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று நம் நோட்டீசுகளில் அச்சாகும் தொடரையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும். தீர்மானித்தவர் யார் என்பதை அத்தொடர் சொல்வதில்லை. அந்த ஏகமனதில் யாருடைய மனம் சேர்க்கப்படவில்லை என்பதையும் அது சொல்வதில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

இதற்கு நம் சக ஆசிரியர்கள் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. வெறும் விளக்கம் என்று சொல்லிவிட்டால் பாமரர் மதிக்க மாட்டார்கள். தீர்ப்பு என்றால்தான் அஞ்சி நடப்பார்கள் என்பது அது. இம்மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. ஃபத்வா காற்றில் விடும் பேச்சு அன்று. ஹனஃபீ நூல்கள் 'தியானத்தன்' என்றும் 'கழாஅன்' என்றும் இரு நிலைகளைக் கூறும். முன்னது மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான பொறுப்பு. பின்னது நீதிபதியின் முன்னிலையிலான நிலை. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டவரின் மனச்சாட்சியை ஃபத்வா கட்டாயம் தொடும். மறுமையில் அதைப் பற்றி அவர் வினவப்படுவார். ஆனால் அது கேட்டவரின் மனச்சாட்சியைத்தான் தொடும். கேட்காத சகோதரியின் சொத்தை அது தொடாது. அச்சம் உண்மையின் மேல் நிற்க வேண்டும். தவறான தலைப்பின் மேல் நிற்கலாகாது. நபியவர்கள் தம் பரிந்துரையைக் கட்டளையாகக் காட்டிப் பரீராவை அஞ்சவைக்கவில்லை. நமக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

அப்படியானால் ஃபத்வாவைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? நம் முன்னோரிடமே விடை இருக்கிறது. 1572ஆம் ஆண்டில் அரங்கேறியதும், இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவதுமான நூலின் பெயர் 'ஆயிரம் மசலா'. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல் வினாவிடையாக அமைந்தது. 'மஸ்அலா' என்றால் வினா. மார்க்க விளக்கத்தை அதன் வினாவின் பெயரால் அழைத்த மரபு அது. அண்மைக் காலம் வரை நம் கிராமங்களில் "ஹஜ்ரத்திடம் ஒரு மசலா கேட்க வேண்டும்" என்றுதான் சொல்வார்கள். தீர்ப்புக் கேட்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். வினா முன்னே நிற்கும்போது, அதில் சொல்லாமல் விடப்பட்டது என்ன என்று படிப்பவர் கேட்க முடியும். தீர்ப்பு என்ற சொல் முன்னே நின்றாலோ அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஆகவே ஃபத்வாவை 'மசலா விடை' என்றோ 'மார்க்க விளக்கம்' என்றோ எழுதுவோம். கழாவுக்கு மட்டும் 'தீர்ப்பு' என்ற சொல்லை ஒதுக்கி வைப்போம். தஹ்கீமுக்கு 'நடுவர் முடிவு' என்ற பெயர் போதும். மஹல்லாவின் நிர்வாகக் காரியங்களுக்குத் 'தீர்மானம்' இருக்கட்டும்.

அன்று முதல் நாம் எழுதும் ஒவ்வொரு தாளிலும் கேட்டவரின் வினாவை முழுமையாக முதலில் எழுதுகிறோம். வினாவில் கூறப்பட்ட செய்திகள் உண்மையாக இருந்தால் மட்டுமே இவ்விடை பொருந்தும் என்றும், வேறு ஒருவரின் உரிமை இதில் அடங்கியிருந்தால் அவரைக் கேட்காமல் இதைக் கொண்டு எதையும் முடிக்கலாகாது என்றும் சேர்த்து எழுதுகிறோம். இதற்குக் கூடுதலாகச் செலவாவது நான்கு வரிகள்.

முஃப்திகள் தம் விடையின் கடைசியில் 'வல்லாஹு அஃலம்', அல்லாஹ்வே நன்கறிந்தவன், என்று எழுதுவது பன்னெடுங்கால வழக்கம். நீதிபதியின் தீர்ப்பு அவ்வாறு முடிவதில்லை, முடியவும் முடியாது. வழக்கை முடிக்கும் பொறுப்பு அவருடையது. ஆயிரம் முறை அவ்வாக்கியத்தை எழுதிய நம் கை, அதே தாளின் தலைப்பில் 'தீர்ப்பு' என்று எழுதியபோது நடுங்கியிருக்க வேண்டும். தலைப்பும் முடிப்பும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. சாவிக்கொத்தைப் பற்றிக் கேட்ட ஒரு பெண்மணிதான் கவனிக்க வைத்தார். இக்கட்டுரையும் தீர்ப்பு அன்று, விளக்கமே. இதில் பிழை காணும் அறிஞர்கள் சுட்டிக்காட்டினால் நன்றியுடன் திருத்திக்கொள்வோம். வல்லாஹு அஃலம்.